இசக்கிராஜ் வழிமொழிந்த தீர்மானம்

மண்டபம் கேட்டு வந்த மனுவில் தேதி, நேரம், பந்திக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் திருத்தம். ‘மணமகன் பெயர்’ என்று அச்சடித்திருந்த கட்டத்தில் ‘ன்’ என்ற எழுத்தை நீலப் பேனாவால் அடித்துவிட்டு அதன் தலைக்கு மேல் ‘ள்’ என்று போட்டு, எதிரே ‘ஜான்சி’ என்று நிரப்பியிருந்தது. அடுத்த கட்டத்தில் திருத்தம் எதுவும் இல்லை. மணமகள் பெயர்: இ. மாரீஸ்வரி.

இசக்கிராஜ் இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே, கவிழ்த்து அடுக்கிய எவர்சில்வர் தவலைகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் மாரீஸ்வரி. அவருக்கு ஒரே பிள்ளை. ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பாதி ஷட்டர் இறக்கிய பாத்திரக்கடைக்குள் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

“இது என்னளா?”

“மனு. சங்க ஆபீஸ்ல ஃபாரம் வாங்குனேன். டிசம்பர் ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கெழம. ஹால் காலியாத்தான் இருக்கு, ரிஜிஸ்டர்ல பாத்துட்டேன்.”

“கோர்ட்டே இது கல்யாணம் இல்லன்னுட்டு. போன வருசம் டிவில நீயுந்தான பாத்த?”

“கோர்ட்டுகிட்ட சர்டிஃபிகேட் கேட்டாங்க, கெடைக்கல. உங்ககிட்ட நான் சர்டிஃபிகேட்டா கேக்கேன்? ஹால்தான கேக்கேன்.”

“ஹால் என்ன என் வீட்டுச் சொத்தா?”

“இல்ல. அதான் மனு எழுதிருக்கேன். எல்லாரும் எழுதுத மாதிரி.”

அவருக்கு அறுபத்திரண்டு வயது. பத்தொன்பது வயதில் நாங்குநேரிப் பக்கமிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவர். அந்தச் சுற்றுவட்டத்துக்காரர்கள் சேர்ந்து வைத்த ஊர்ச்சங்கத்துக்குத் தாராவியில் மூன்று மாடிக் கட்டடம் உண்டு. இரண்டாவது மாடியில் மண்டபம். பத்து வருடம் துணைச் செயலாளராகப் பதிவேடு எழுதி, பிறகு இருபத்து மூன்று வருடமாக இசக்கிராஜ்தான் சங்கத்தின் செயலாளர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். வருகிற மனு எதையும் பதிவேட்டில் எழுதாமல் திருப்பி அனுப்பியதில்லை என்பது அவருக்குள்ளே ஒரு பெருமை.

“செம்பூர்ல ஹால் இல்லியா? வாஷில இல்லியா?”

“இருக்கு. ஆனா எனக்குப் பேர் வச்சது இங்க. காது குத்துனது இங்க. சடங்கு வச்சது இங்க. மூணையும் நீங்கதான் புஸ்தகத்துல எழுதுனிய. மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான்.”

அவர் மனுவை மடித்தார், மறுபடி பிரித்தார். கடைசியில், “வச்சுட்டுப் போ” என்றார்.

ஜான்சி யார் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தூத்துக்குடிக் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் அண்ணனும் செம்பூரிலேயே இருக்கிறார்கள். மாரீஸ்வரிக்கு ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஐந்து வருடமாக இருவரும் வாஷியில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். “ஆபீஸ் தூரம், ஃப்ரெண்டோட ரூம் எடுத்திருக்கா” என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவந்தார். இரண்டு வருடம் முன்பு மகள் நேருக்கு நேர் உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் அவளிடம் பேசவில்லை. பிறகு ஒரு தீபாவளிக்கு அவள் வந்தாள், இலை போட்டார்கள், சாப்பிட்டாள். அத்தோடு அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை என்று வீட்டில் ஓர் ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. இந்த மனு அந்த ஏற்பாட்டைக் கலைத்தது.

சாயங்காலம் வீட்டில் மனைவி மாடத்தியிடம் சொன்னார். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றாள்.

“எப்பம் தெரியும்?”

“நான் புதன்கெழம புதன்கெழம எங்க போறேன்னு நெனைச்சிய?”

“மாட்டுங்கா கோயிலுக்குன்னு சொல்லுவ.”

“மொதல்ல கோயிலுக்குத்தான் போனேன். ஒரு வருசமா வாஷிக்குத்தான் போறேன். அந்தப் பிள்ளைக்கு நைட் டூட்டி முடிஞ்சு புதன்கெழம லீவு. எனக்கு சுகர் பாத்து ஊசி டோஸ் மாத்தி விட்டது அவதான்.”

தன் வீட்டில் ஒரு வருடமாக நடக்கிற காரியம் தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்பதுதான், மற்ற எல்லாவற்றையும்விட இசக்கிராஜை உறுத்தியது. மறுநாள் காலையில் சங்க அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, மனுவைத் தேதியோடு ஏற்றினார். திருத்தியிருந்தபடியே ஏற்றினார்.

பதிவேட்டை யார் பார்த்தார்கள், யார் படம் எடுத்தார்கள் என்பது தெரியவில்லை. புதன்கிழமைக்குள் அந்தப் பக்கம் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வந்துவிட்டது. கூடவே மாரீஸ்வரியின் பழைய படம் ஒன்று, ஸ்கூல் யூனிஃபார்மில். முகம் தெரியாத யாரோ அனுப்பிய ஆடியோவில், “செயலாளர் வீட்டுலயே இப்பிடின்னா மத்த பிள்ளைங்க கதி என்ன” என்று ஒரு குரல் நிதானமாகக் கேட்டது. வியாழக்கிழமை காலை கடை ஷட்டரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இந்தியில் ஒரே ஒரு கெட்ட வார்த்தை. இசக்கிராஜ் தண்ணீர் தெளித்து நனையவிட்டு, நகத்தால் சுரண்டி எடுத்தார். பக்கத்துக் கடைக்காரர் உதவிக்கு வரவில்லை. கேலிக்கும் வரவில்லை.

அன்று மதியம் சங்கத் தலைவர் சிவகுருநாதன் கடைக்கு வந்தார். எழுபது வயது. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருந்து, வேலையை மகன்களிடம் கொடுத்துவிட்டவர். இசக்கிராஜுக்குக் கல்யாணம் பேசி முடித்ததே அவர்தான்.

“இசக்கி, நான் உன்னக் கோவிச்சுக்கிட வரல. பிள்ளைங்க இப்பம் நம்ம சொல்லு கேக்காது. என் வீட்டுலயும் கேக்காது. நீ அந்த மனுவ வாபஸ் வாங்கிரு. கமிட்டிக்கு வரவே வேண்டாம்.”

“மனு என்னுது இல்லியே அண்ணாச்சி. அவளுது.”

“அவட்ட எழுதி வாங்கு. இல்லன்னா கமிட்டில நானே எடுத்துப் பேச வேண்டி வரும். நமக்குத் தீர்மானம் வேற இருக்கு.”

“எந்தத் தீர்மானம்?”

“பூலோகம் விசயத்துல போட்டது. மறந்துட்டியோ? நீதான எழுதுன.”

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் இசக்கிராஜ் தவலை ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பூலோகத்தை அவர் மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

பூலோகம் அவரைவிட ஐந்து வயது இளையவன். தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தான், கை சுத்தம், வேலை நேர்த்தி. சோலாப்பூர்க்காரன் விலாஸ் என்று ஒருவன் அவனோடு அதே அறையில் இருந்தான். 1999இல் யாரோ எதையோ பார்த்ததாகச் சொல்ல, ஒரு கூட்டம் போய்ப் பட்டறைக் கதவை உடைத்து, இருவரையும் அடித்து, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டது. அந்தக் கூட்டத்தில் இசக்கிராஜ் இல்லை. மூன்று நாள் கழித்துக் கூடிய கமிட்டியில் இருந்தார். அப்போது அவர் துணைச் செயலாளர். அடுத்த மாதம் பூலோகத்தின் அம்மா இறந்தபோது ஊர்க்காரர் ஒருவரும் போகவில்லை. விலாசும் பட்டறையில் வேலைபார்த்த மூன்று மராத்திக்காரர்களும் பாடை தூக்கினார்கள். அது நைன்ட்டி ஃபீட் ரோடு வழியாக, இதே கடையைத் தாண்டித்தான் போனது. இசக்கிராஜ் கடைக்குள்ளேயே இருந்தார்.

அலுவலக பீரோவில் பழைய தீர்மானப் புத்தகங்கள் இருந்தன. 1999ஆம் வருடத்துப் புத்தகத்தை எடுத்தார். கரையான் ஓரத்தைத்தான் தின்றிருந்தது. பக்கம் முழுசாக இருந்தது. அவருடைய கையெழுத்து, இப்போதையதைவிட நேராக, அழகாக. வாசித்துவிட்டு போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

நீக்கப்பட்ட உறுப்பினருக்குத் தீர்மானத்தின் நகலை எழுத்தில் தர வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. அப்படித் தந்ததற்கான குறிப்பு எங்கேயும் இல்லை. தராவிட்டால் தீர்மானம் செல்லுமா என்பது ஒரு கேள்வி. அதை விசாரிக்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் வண்டி மாறி மான்குர்த் போனார். பூலோகத்தின் வீட்டு முகவரியை ஒரு தோல் வியாபாரி சொல்லியிருந்தான்.

நெருக்கி நெருக்கிக் கட்டிய ஏழு மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், தரையில் ஸ்கூல் பைகள், ஜிப் மாற்றுவதற்காக வந்தவை. கட்டிலில் ஒரு மனிதர் வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அது விலாஸ் என்று புரிந்துகொள்ள இசக்கிராஜுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மெஷினிலிருந்து எழுந்த பூலோகத்துக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது.

“வாங்க அண்ணாச்சி” என்றான், நேற்றுப் பார்த்தவரைக் கூப்பிடுவது போல. “ஹால்ல ஏசி போட்டாச்சாமே.”

“போட்டு எட்டு வருசம் ஆச்சு.”

பூலோகம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். இசக்கிராஜ் உட்கார்ந்து, நகல், விதி, குறிப்பு என்று வந்த விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவர் காதுக்கே ஒட்டாமல் இருந்தது. பூலோகம் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“உங்க பொண்ணு விசயம் கேள்விப்பட்டேன். தாராவி ஆளுங்க இங்கயும் இருக்காங்க. போன்ல சுத்துது” என்றான். “நீங்க உங்க பிள்ளைக்காக வந்திருக்கிய. எனக்காக வரல.”

இசக்கிராஜ் கொஞ்சம் யோசித்தார். “ஆமா” என்றார்.

“சரி. அதுலயாவது பொய் சொல்லல.” பூலோகம் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். “நகல் எனக்கு வரல. இருபத்தஞ்சு வருசமா அதுல என்ன எழுதிருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாவ. கொண்டாந்திருக்கியளா?”

“போன்ல இருக்கு.”

“வாசிங்க.”

இசக்கிராஜ் போனை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, வாசித்தார்.

“நம் சங்க உறுப்பினர் திரு. பூலோகம் அவர்கள் ஊருக்குக் களங்கம் வரும்படி முறைகேடான வாழ்க்கை நடத்திவருவதால்...”

“ஏக் மினிட்” என்றான் பூலோகம். கட்டிலின் பக்கம் திரும்பி அந்த வரியை மராத்தியில் சொன்னான். விலாஸ் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “ம்” என்றான் பூலோகம்.

“...அவரை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குவதென்றும்...”

அதையும் சொன்னான்.

“...அவர் வீட்டு நல்லது கெட்டதுகளில் உறுப்பினர் எவரும் கலந்துகொள்ளக் கூடாதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

இதைப் பூலோகம் மொழிபெயர்க்கவில்லை. “ஏகமனதாவா?” என்றான்.

“ஆமா.”

“ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலியா?”

“இல்ல.”

“எங்க மாமா அன்னைக்கு எதுத்துப் பேசுனதா சொல்லிக்கிட்டிருந்தாரு. சாகுத வரைக்கும் சொன்னாரு. அதுக்காக அவர நான் கடைசி ரெண்டு வருசம் இங்க வச்சுப் பாத்தேன்.”

இசக்கிராஜ் போன் திரையில் அடுத்த வரியைத் தேடினார். அந்த மாமா கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாரோடும் கை தூக்கியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

“மேக்கொண்டு?”

“முன்மொழிந்தவர் சிவகுருநாதன். வழிமொழிந்தவர் இசக்கிராஜ்.”

விலாஸ் எதையோ கேட்டார். பூலோகம் விரலை இசக்கிராஜ் பக்கம் காட்டி இரண்டு வார்த்தையில் பதில் சொன்னான். விலாஸ் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு அவர் பார்வை டிவியை விட்டு நகரவில்லை.

பூலோகம் டீ போட எழவில்லை. வாசல்வரை வந்தபோது மட்டும் சொன்னான். “எனக்கு மன்னிப்பு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. அந்தத் தீர்மானத்த ரத்து பண்ணுங்க. வாயால இல்ல, எழுத்துல. ஏன் ரத்து பண்ணுதியன்னும் அதுல இருக்கணும். ஒரு நகல் எனக்கு வரணும்.”

“நடக்குமான்னு தெரியல.”

“நடக்கலன்னா அதையும் எழுதி அனுப்புங்க.”

கமிட்டி செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு கூடியது. பதினைந்து பேர், எல்லாரும் ஆண்கள். சிவகுருநாதன் கோபப்படாமல் பேசினார். பிள்ளைகள் எங்கேயாவது சந்தோஷமாக இருந்தால் யாருக்கும் வருத்தமில்லை, ஆனால் சட்டம் ஒத்துக்கொள்ளாத கல்யாணத்துக்குச் சங்கம் இடம் கொடுத்தால் நாளைக்கு வம்பு வரும் என்றார். பலர் தலையாட்டினார்கள். அந்தக் காரணம் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. ஒருவரும் மகளைப் பற்றி அப்பாவின் முகத்துக்கு நேரே பேச வேண்டியதில்லை.

இசக்கிராஜ் எழுந்து நின்றார். கையில் இரண்டு பதிவேடுகள்.

“இது குத்தம்னு சட்டம் சொல்லல. பதிவு கெடையாதுன்னு மட்டுந்தான் சொல்லுது. ரெண்டும் வேற. வக்கீல்ட்ட கேட்டுட்டேன்” என்றார். “ஆனா குத்தம்னு சட்டம் சொல்லுத கல்யாணம் நம்ம ஹால்ல நடந்திருக்கு. 2003 மே மாசம் ஒண்ணு. பொண்ணுக்குப் பதினாறு வயசு. பத்தொம்பதுன்னு இதுல எழுதிருக்கு. எழுதுனது நான். 2009 தை மாசம் ஒண்ணு. ஊர்ல மொத பொண்டாட்டி உசுரோட இருக்கையில இங்க ரெண்டாவது நடந்துச்சு. அதுக்கும் பதிவு போட்டது நான். அன்னைக்கு இந்த மேசையில சட்டத்தப் பத்தி யாரும் வாயத் தெறக்கல. நானும் தெறக்கல. பேர் வாசிக்கப் போறதில்ல. யாருக்கும் பேர் தேவைன்னா புஸ்தகம் இங்க இருக்கு.”

யாரும் கேட்கவில்லை. மூன்று பேர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்கள். இரண்டாவதாகச் சொன்ன கல்யாணம் சிவகுருநாதனின் சித்தப்பா மகனுடையது. அவர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் ஆம்பளையும் பொம்பளையுந்தான இசக்கி” என்றார், குரலை உயர்த்தாமல்.

“அப்பம் அதச் சொல்லுங்க அண்ணாச்சி. சட்டத்தச் சொல்லாதிய.”

கை தூக்கச் சொன்னார்கள். மண்டபம் கொடுக்கலாம் என்று நான்கு கை. கூடாது என்று பத்து. ஒருவர் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. இசக்கிராஜ் எண்ணி, எழுதினார்.

பிறகு 1999ஆம் வருடத் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்று இரண்டாவது விஷயத்தை எடுத்தார். இதற்கு அவ்வளவு எதிர்ப்பு இல்லை. பழைய கதை, யார் யாரோ செத்தும் போய்விட்டார்கள், எதற்கு இழுக்க வேண்டும் என்றார்கள் சிலர். தங்கள் கையால் ஒரு பெண்ணின் மனுவைத் தள்ளிய சங்கடம் வேறு சிலருக்கு இருந்தது, அவர்கள் இதற்குக் கை தூக்கினார்கள். எட்டுப் பேர் ரத்து செய்யலாம் என்றார்கள், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள், இரண்டு பேர் சும்மா இருந்தார்கள். சிவகுருநாதன் சும்மா இருந்த இருவரில் ஒருவர். காரணம் என்ன எழுதுவது என்பதில்தான் முக்கால் மணிநேரம் போனது. ‘அக்காலச் சூழ்நிலையில்’ என்று போடலாம் என்றார் ஒருவர். இசக்கிராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், ‘மேற்படி தீர்மானம் தவறானது என்பதாலும், அதனால் உறுப்பினருக்கும் அவர் தாயாரின் இறுதிச் சடங்குக்கும் அநீதி நேர்ந்தது என்பதாலும்’ என்று எழுதி, இந்தத் தடவை முன்மொழிந்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். அநீதி என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னவர்களிடம் வேறு வார்த்தை கேட்டார். யாரிடமும் இல்லை.

முத்திரை வைத்த நகலை ரிஜிஸ்டர் தபாலில் மான்குர்த்துக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. வேறு பதில் எதுவும் வரவில்லை.

மகளிடம் கமிட்டி முடிவைப் போனில் சொன்னார். நாலுக்குப் பத்து என்று சொன்னார்.

“நாலு யாருப்பா?”

அவர் நாலு பெயரையும் சொன்னார். தன் பெயரைக் கடைசியாகச் சொன்னார். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “டீக்கே, சரி. செம்பூர்ல பாக்கோம்” என்றாள். அவள் அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

கல்யாணம் அதே டிசம்பர் ஒன்றாம் தேதி, செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் ஹாலில் நடந்தது. அங்கே மேனேஜர் ஆதார் கார்டு இரண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, டெம்போ எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் விளக்கமாகச் சொன்னார். ஐயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். மாடத்தி இருவருக்கும் ஒரே கரை, வேறு வேறு நிறத்தில் பட்டு எடுத்திருந்தாள். ஒரே நிறம் எடுத்தால் யூனிஃபார்ம் மாதிரி இருக்கும் என்பது அவள் கட்சி. ஜான்சியின் அம்மா வரவில்லை. அண்ணன் வந்து, பந்தியில் உட்காராமல் கடைசிவரை நின்று பரிமாறினான். எழுபது பேரில் தாராவியிலிருந்து வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் சிவகுருநாதனின் மனைவியும் ஒருத்தி. தனியாக டாக்ஸியில் வந்து, பிள்ளைகள் இருவர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டு, பாயசம்வரை சாப்பிட்டு, “அவருக்குத் தெரியும், தெரியாதுன்னு வச்சுக்கிடுங்க” என்று மாடத்தியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பூலோகத்துக்கும் விலாசுக்கும் பத்திரிகை போயிருந்தது. அவர்கள் வரவில்லை. இசக்கிராஜ் இரண்டு மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த ஏப்ரலில் சங்கத் தேர்தல் வந்தது. அவர் ராஜினாமா கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், யாரும் கேட்கவில்லை. வழக்கம்போல் செயலாளர் பதவிக்கு நின்றார், முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றார். பதிவேடுகளைப் புதிய செயலாளரிடம் வரிசைப்படி ஒப்படைத்து, பீரோச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். கடையில் சீர்ப் பாத்திரம் வாங்குகிற குடும்பங்களில் சில வேறு கடைக்குப் போயின. பெரும்பாலானவை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என்ன செய்வது என்பதுதான் அவருக்குக் கொஞ்ச காலம் பிடிபடவில்லை.

ஜூன் மாதம் மாரீஸ்வரி போன் செய்தாள். கல்யாணத்துக்குச் சட்டத்தில் பதிவு இல்லாததால் ஒருத்திக்கு ஏதாவது ஆனால் மற்றவளுக்கு எந்த உரிமையும் தானாக வராது, அதனால் இரண்டு பேரும் உயில் எழுதுகிறோம், சாட்சிக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டாள். முப்பத்திரண்டு வயதில் பிள்ளை உயில் எழுதுவதைக் கேட்க அவருக்கு நன்றாக இல்லை. வருகிறேன் என்றார்.

வாஷி ஸ்டேஷனுக்கு மேலேயே இருந்த ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்தார்கள். ஜான்சியின் அண்ணன் இரண்டாவது சாட்சி. அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பத் தயாரானான். இசக்கிராஜ் போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து, இங்கிலீஷில், விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். சாட்சிக்கு உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டிய அவசியமில்லை என்றாள் வக்கீல் அம்மா. “படிக்கேன்” என்றார் அவர்.

நான்காவது பக்கத்தில் நிறுத்தினார். “உங்க பேருக்கு எத்தன எஸ்?” என்று ஜான்சியைக் கேட்டார். அவளிடம் அவர் நேரடியாகக் கேள்வி கேட்பது அபூர்வம்.

“ஒண்ணுதான் அங்கிள்.”

“இங்க ரெண்டு போட்டிருக்கு. பேங்க்காரன் இதப் பிடிச்சுக்கிடுவான். ரெண்டு பேர் உயிலையும் திருத்தி வேற அடிக்கச் சொல்லுங்க. பேனாவால திருத்தக் கூடாது.”

பிரின்டர் சூடாக இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். ஜான்சியின் அண்ணன் மறுபடி உட்கார்ந்தான். மாரீஸ்வரி போனில் ஆபீஸுக்கு லேட் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜான்சி டீ வாங்கி வர எழுந்தாள்.

“உங்களுக்குச் சர்க்கரை போடலாமா அங்கிள்? சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா?”

“எடுக்கல” என்றார்.

“அப்போ இல்லாம வாங்குறேன். நாளைக்கு வெறும் வயித்துல ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். இசக்கிராஜ் மிச்சப் பக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தார்.